அம்மாவின் பொய்யும் நம் கவிதையும்

கல்லூரி ஆண்டு மலருக்குக் கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. மாணவர்கள் மாறுகிறார்கள், ஒரு கவிதை மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டுத் தனக்குப் பசிக்கவில்லை என்று தாய் சொல்கிறாள். அது பொய் என்பது மகனுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தெரியவருகிறது. கடைசி வரியில் அவள் தெய்வமாகிறாள். மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வார இதழ்களில் படித்ததையும் பட்டிமன்ற மேடைகளில் கேட்டதையும்தான் அவர்கள் எழுதுகிறார்கள். என் வழக்கு நம்மோடுதான். தீவிர இலக்கியம் என்று நாம் கொண்டாடும் இதழ்களும் இதே சரக்கைச் சற்று இறுக்கமான மொழியில் வெளியிட்டே வந்திருக்கின்றன.

இந்தக் கவிதையைப் பற்றி ஒன்றை நாம் கவனிப்பதில்லை. என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை மகன்கள் எழுதியவை. மகள்கள் இதை அரிதாகவே எழுதுகிறார்கள். காரணம் எளிது. மகளுக்கு அந்தப் பொய் அன்றைக்கே தெரியும். அடுப்படியில் நின்று பானையின் அடி தெரிவதைப் பார்த்தவள் அவள். கூடத்தில் அமர்ந்து இரண்டாம் கரண்டிக்குத் தட்டை நீட்டியவனுக்குத்தான் இருபது வயதில் அது ஒரு கண்டுபிடிப்பாகிறது. ஆக, அந்தக் கவிதையின் நெகிழ்ச்சி முழுவதும் ஒரு ஆண்பிள்ளையைச் சமையலறைக்கு வெளியே வைத்து வளர்த்ததால் விளைந்தது. அந்த வளர்ப்பு சரியா என்று கவிதை கேட்பதில்லை. கேட்டால் கண்ணீர் வற்றிவிடும்.

மந்தைவெளியில் வாடகை வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்ப்பவள் என்ற முறையில் இந்தப் பொய்யின் பொருளாதாரத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்தில் வாடகை அசையாது. பள்ளிக் கட்டணம் அசையாது. தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009இல் சட்டம் வந்தது, குழுவும் வந்தது. ஆனால் சீருடை, நோட்டுப் புத்தகம், வேன் என்று வேறு வேறு பெயர்களில் வருவனவற்றை வீட்டுக் கணக்கு நோட்டுதான் தாங்க வேண்டியிருக்கிறது. பையன்களின் பாதம் மட்டும் நில்லாமல் வளர்கிறது. ஜூனில் வாங்கிய ஷூ டிசம்பரில் கடிக்கிறது. இப்படி எல்லாம் இறுகிப்போன கணக்கில் இளகக்கூடிய பத்தி ஒன்றே ஒன்று: சாப்பாடு. ஆவின் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டின் சில்லறை விலை 2022 நவம்பரில் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்ந்தபோது எத்தனையோ வீடுகள் நீல நிறத்துக்கு இறங்கின. முன்னதில் கொழுப்பு நூற்றுக்கு ஆறு பங்கு, பின்னதில் மூன்று. அந்த நீலப் பாலிலும் முதல் டம்ளர் வளரும் பையனுக்கு. நீர் விளாவிய கடைசி டம்ளர் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சிக்கனம் என்று நாம் மெச்சுவது பல வீடுகளில் இதுதான். கடைசியாக உட்காருபவளின் தட்டிலிருந்து எடுத்து மற்றத் தட்டுகளை நிரப்புகிறோம். எடுத்ததற்குக் கணக்கில் பதிவில்லை. பதிவில்லாத இடத்தைக் கவிதையால் நிரப்புகிறோம்.

நம் மரபே இதுதான் என்பார் உண்டு. மரபை எடுத்துப் பார்ப்போம். புறநானூற்றின் 160ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் தம் வீட்டைக் காட்டுகிறார். அதில் இருப்பவனும் ஒரு சின்னப் பையன்தான். உணவில்லாத வீட்டை மறந்து வெளியே திரிபவன். பாலில்லாத மார்பைச் சுவைத்து ஏமாந்து, வெறும் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள், அப்பாமீது உன் கோபத்தை எப்படிக் காட்டுவாய் என்று பேச்சை மாற்றுகிறாள். அங்கேயும் தாய் பொய்தான் சொல்கிறாள். ஆனால் புலவர் அந்தப் பொய்யின்முன் கைகூப்பி நின்றுவிடவில்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் முதிரமலைத் தலைவன் குமணனின் அவையில் வைக்கிறார். இந்த வறுமை தீரப் பரிசில் தா என்று கேட்கிறார். அதே குமணனிடம் பெருந்தலைச் சாத்தனார் கொண்டுசென்றது, சமைக்க மறந்து காளான் பூத்த அடுப்பின் காட்சி. பரிசில் பெற்றுத் திரும்பிய பெருஞ்சித்திரனார் 163ஆம் பாடலில் மனைவியிடம் சொல்வது இன்னும் கூர்மையானது: எல்லோர்க்கும் கொடு, என்னைக் கலந்துகொள்ளக்கூட வேண்டாம். பசியை அவையில் சொன்னார். வந்த பொருளின் ஆட்சியை மனைவியிடம் விட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் தெளிவு இருந்தது. இடையில் எங்கோ நாம் குமணனை மறந்துவிட்டுப் புலியையும் நிலவையும் மட்டும் பிடித்துக்கொண்டோம்.

நவீன காலத்துக்கு வருவோம். புதுச்சேரியில் செல்லம்மாள் அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சியைக் கேட்டிராத தமிழ் வாசகர் இல்லை. எத்தனை மேடைகளில், எத்தனை பள்ளிக் கட்டுரைகளில் அது கவிமனத்தின் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது! பாரதியைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. அவர் அளவுக்கு இறைக்கும் மனம் நமக்கு வாய்க்காது. என் கேள்வி அந்த நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பரவசப்படும் நம்மைப் பற்றியது. அன்று மாலை மறுபடியும் யார் எந்த வீட்டுக் கதவைத் தட்டினார் என்று நாம் ஏன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை? அசோகமித்திரன் 'தண்ணீர்' நாவலில் சென்னையின் வறண்ட குழாயையும் பெண்ணின் இடுப்புக் குடத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்தார். அம்பை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று தலைப்பிலேயே அந்த மூலையைச் சுட்டினார். இத்தகையோரைப் பாராட்டிவிட்டு, ஆண்டு மலரில் அதே பழைய அம்மா கவிதையை அச்சிடுகிறோம்.

குமணனின் அவை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நம் பகுதியின் பெயர்ப் பலகையே அதற்கு விடை. தீபாவளிக்குப் பையன்களுக்குச் சட்டை எடுக்க நாம் முண்டியடிக்கும் தியாகராய நகர், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல்தான் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் குழந்தைகளுக்கு மதிய உணவு வழங்க முடிவெடுக்கப்பட்டது. ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925இல், அவர் மறைந்த ஆண்டிலேயே, அது நின்றுபோனது. பின்னர் மீண்டும் தொடங்கியது. 1956இல் காமராசர் காலத்தில் மாநிலத்துக்கு விரிந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவுபடுத்தினார், 2022 செப்டம்பரில் காலை உணவு சேர்ந்தது. நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவை நீட்டித்த விழா 2025 ஆகஸ்டில் நடந்தது நம் மயிலாப்பூரிலேயேதான். இவற்றில் எந்த ஒன்றும் தாயின் பட்டினியைப் பாடியதால் வரவில்லை. பிள்ளையின் பசி மாநகராட்சியின் கணக்கில் ஏறவேண்டிய செலவு என்று யாரோ வாதாடியதால் வந்தது. அந்த ஓரணாத் தீர்மானத்தைப் பற்றி எழுதப்பட்ட கவிதை ஒன்றை எனக்குக் காட்டுங்கள். அடுத்த ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் போடுகிறேன்.

சோற்றோடு இது முடிவதில்லை. பையன்களுக்கு ஓடுவதற்கு இடம் வேண்டும். படிப்பதற்குப் புத்தகம் வேண்டும். இரண்டையும் விலைக்கு வாங்கப் புறப்பட்டால், கிரிக்கெட் பயிற்சி முகாம், கோடைப் பயிற்சி வகுப்பு என்று எந்தச் சம்பளமும் போதாது. இல்லாதவர்க்குக் கடற்கரை இருக்கிறது. லஸ் அருகே நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010 செப்டம்பரில் திறந்த அந்த நூலகத்தை அடுத்த ஆண்டே இடம் மாற்றிவிட்டுக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அன்றைய அரசு முடிவெடுத்தது. பிள்ளைக்கு மருந்தா புத்தகமா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்று ஒரு தாயிடம் கேட்பதைப் போன்றது அது. எழுத்தாளர்கள் எதிர்த்தனர், வழக்கு நடந்தது, உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் பிழைத்தது. அங்கே குழந்தைகள் பிரிவில் தரையில் அமர்ந்து படம் பார்க்கும் பையனிடம் யாரும் காசு கேட்பதில்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியபோது, அந்த நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் தாயின் கணக்கில் ஒரு வரி குறைந்தது. நம்மில் எத்தனை பேர் அதை இலக்கியச் செய்தியாகக் கருதினோம்? இலவசம் மக்களைக் கெடுக்கிறது என்று எழுதிய பேனாக்கள்தாம் நம்மிடையே அதிகம்.

நம் பாட்டிமார் எந்த அரசையும் கேட்காமல் சிக்கனமாகப் பிள்ளை வளர்க்கவில்லையா என்ற மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். ஆனால் நேற்றைய தலைமுறையின் சிக்கனம் வெற்றிடத்தில் நிற்கவில்லை. ரேஷன் கடை அரிசியும் மண்ணெண்ணெயும் அதற்கு அடிப்படை. மாநகராட்சிப் பள்ளி அடிப்படை. கிளை நூலகம் அடிப்படை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலகத்துக்கென்று ஒரு வரியைச் சேர்த்ததால் பெற்ற நூலகம் அது. அடுத்த வீட்டு மாமியும் எதிர் வீட்டு அக்காவும் பையனைப் பார்த்துக்கொண்ட உழைப்பும் அதில் சேரும். அதற்கும் கூலி எழுதப்படவில்லை. இன்று மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நடுத்தரக் குடும்பம் இந்தப் பொதுவானவற்றிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறிவிட்டது. ரேஷன் அரிசியில் வாடை என்கிறது. மாநகராட்சிப் பள்ளி நமக்கில்லை என்கிறது. தான் கைவிட்டதை விலைக்கு வாங்கிக்கொண்டு, பற்றாக்குறை வரும்போது மட்டும் பாட்டியின் சிக்கனத்தை நினைவுகூர்கிறது. அந்த நினைவுகூரலுக்கு விலை கொடுப்பவள் வீட்டில் இருக்கும் பெண்.

எனவே எனக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று வீட்டுக்குள். கணக்கு நோட்டை ஆண்பிள்ளைகளின்முன் திறந்து வையுங்கள். குழந்தைக்குக் கஷ்டம் தெரியக்கூடாது என்பது கருணைபோலத் தோன்றும். பெண்குழந்தைக்கு அந்தக் கருணையை நாம் காட்டுவதில்லை என்பதிலிருந்தே அதன் தன்மை விளங்கும். எட்டு வயதுப் பையனால் படி அரிசி அளக்க முடியும். அண்ணாச்சி கடைச் சீட்டைக் கூட்டிச் சரிபார்க்க முடியும். எல்லோர்க்கும் சமமாகக் குழம்பு ஊற்ற முடியும். கரண்டி அவன் கையில் இருந்தால் கடைசித் தட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை அவன் அன்றே பார்ப்பான். பார்த்தவன் இருபது வயதில் கவிதை எழுதாமல் போகலாம். தமிழுக்கு அதனால் நட்டமில்லை.

மற்றொன்று, எழுதுகிறவர்களுக்கு. தாயின் பட்டினியை இனியும் தியாகமென்று அச்சிடாதீர்கள். அது ஒரு வீட்டில் பங்கீடு தவறியதன் விளைவு. ஒரு நகரம் தன் பொறுப்பைக் கைகழுவியதன் விளைவு. எழுத விரும்பினால் பெருஞ்சித்திரனாரைப்போல் எழுதுங்கள்: வெறும் பாத்திரத்தைக் காட்டுங்கள், யாரிடம் கேட்கவேண்டுமோ அவர் பெயரைச் சொல்லுங்கள், கேட்பது என்ன என்பதையும் சொல்லுங்கள். இது பிரச்சாரம், இலக்கியமன்று என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அப்படியானால் புறநானூற்றின் பரிசில் பாடல்கள் அனைத்தையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லி முதலில் அவர்கள் எழுதட்டும். அதற்கு நான் பதில் எழுதுகிறேன்.