டி டிரைவ் பெட்டகம் அன்று

இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் பழைய மடிக்கணினி ஒன்று படுத்துக்கொள்ளும்போதெல்லாம் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் ஒலிக்கின்றன. ‘ஆய்வுத் தரவெல்லாம் டி டிரைவில் இருக்கிறது, பயமில்லை’ என்பது முதலாவது. ‘ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்’ என்பது இரண்டாவது. முதலாவது ஒரு மூடநம்பிக்கை. இரண்டாவது, அதற்குக் கொடுக்கப்படும் பலி.

ஒரே வன்தட்டைச் சி, டி, இ எனக் கூறுபோடும் வழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. விண்டோஸ் 98, எக்ஸ்பி நாள்களில் இயங்குதளம் அடிக்கடி சரியும். மீண்டும் நிறுவ வேண்டிவரும். சி அழிந்தாலும் டி தப்பும். குறிப்பிட்ட ஒரு நோய்க்கான மருந்து அது. அதைச் சாவாமருந்தாகக் கொண்டதுதான் பிழை. பாகம் பிரித்த பின்பும் தட்டைச் சுழற்றும் மோட்டார் ஒன்றுதான்; பாகங்களின் எல்லைகளைக் குறித்துவைத்திருக்கும் அட்டவணையும் ஒன்றுதான். தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் போய்விடலாம் என்று ஓலைக்கூரை வீட்டில் குடியிருப்பவன் நினைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

அந்த அட்டவணை எவ்வளவு சிறியது என்பதைப் பலர் அறிவதில்லை. 1983-இல் பிசி டாஸ் 2.0-உடன் வந்து, பழைய மடிக்கணினிகளில் இன்றும் நீடிக்கும் எம்.பி.ஆர். முறையில், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் 64 பைட்டுகளே அதற்குரிய இடம். பதிவு ஒன்றுக்கு 16 பைட்டு வீதம் நான்கு பதிவுகள், அவ்வளவுதான். பாதியில் நின்றுபோன ஒரு நிறுவலால் இது குலைந்தால், 500 ஜிபி தட்டு முழுவதும் ‘ஒதுக்கப்படாத இடம்’ என்று திரை அறிவிக்கும். சிட்டா கிழிந்ததால் நிலம் காணாமற்போவதில்லை. கோப்புகள் எழுதப்பட்ட இடத்திலேயே இருக்கின்றன. வழி சொல்லும் தாள்தான் இல்லை. பாகத்துக்குள் இருக்கும் கோப்பமைப்பின் தொடக்கப்பகுதி சிதைந்தாலோ, ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கிறது. மிகுந்த பணிவோடு கேட்கப்படும் மிக ஆபத்தான கேள்வி இது. வெறும் காட்டை ஆள விரும்புகிறவர் மட்டுமே இதற்கு ‘ஆம்’ சொல்லலாம்.

பழுதுபார்க்கும் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கருவியை ஓடவைக்கவே அவருக்குக் கூலி. உள்ளே இருப்பது திருமணக் காணொளியா, மூன்றாண்டுக் களப்பதிவா என்று அவர் எப்படி அறிவார்? அறிந்திருக்க வேண்டியவர்கள் ஆய்வாளரும் அவருடைய துறையும்தான்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. வரிசை மாறக் கூடாது, அவ்வளவே. முதலில், அந்தத் தட்டில் ஓர் எழுத்தும் எழுதாமல் நிறுத்துவது. ‘டிக் டிக்’ என்ற ஒலி வந்தால் கோளாறு அட்டவணையில் இல்லை, இயந்திரப் பகுதியில் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துத் தரவு மீட்பு நிபுணரிடம் தருவதைத் தவிர வேறு வழியில்லை. ஒலி இல்லையென்றால், லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, டிடிரெஸ்கியூ மூலம் முழுத் தட்டையும் வேறொரு தட்டுக்குப் படியெடுக்க வேண்டும். அதன் பிறகு, படியின் மீது மட்டுமே, டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டித் தொலைந்த பாகங்களைத் தேட வேண்டும். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், காசு கேட்பதில்லை. தட்டு ஜி.பி.டி. முறையில் இருந்தால் அட்டவணையின் மறுபடி தட்டின் கடைசியிலேயே காத்திருக்கும். மூலத் தட்டில் சி.எச்.கே.டிஸ்க்கை ஓட்டிப் பார்ப்போம் என்ற அவசரம் கூடாது. அது பழுதைச் சீர்செய்கிறேன் என்று மூலத்திலேயே எழுதிவிடும். பழைய கணினியில் எஸ்.எஸ்.டி. மாட்டியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் விரைவு ஃபார்மட்கூட ‘டிரிம்’ ஆணையை அனுப்பிவிடலாம், அதற்குப்பின் மீட்பு ஏறக்குறைய இல்லை.

நான்கு பதிவு வரம்பிலும் ஒரு கண்ணி உண்டு. விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் மீட்புப் பாகம், கருவிப் பாகம் என நிறுவனமே நான்கையும் நிரப்பி அனுப்பியது. லினக்ஸுக்காக ஐந்தாவது பாகம் கேட்டால், தட்டை ‘டைனமிக்’ ஆக மாற்றட்டுமா என்பான் விண்டோஸ். சம்மதித்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

இவையெல்லாம் கணினித் துறைக்காரர்களின் கவலை என்று மானுடவியல், மொழியியல் துறைகள் ஒதுங்குவதுதான் பொறுக்க முடியாதது. அந்தமானின் போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010-இல் இறந்தார். இனி அந்த மொழியின் ஒலி என்பது அவரிடமிருந்து எடுத்த பதிவுகள்தான். இத்தகைய தரவு ‘மறுபடி களத்துக்குப் போய்’ திரட்டக்கூடியதன்று. முடிந்த ஆய்வேடு சோத்கங்காவில் ஏறிவிடுகிறது. அந்த ஆய்வேடு நிற்கும் ஒலிப்பதிவுகளோ, மின்கலம் உப்பிய ஒரு மடிக்கணினியின் டி டிரைவில் கிடக்கின்றன.

உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும்போது இன்னொரு வன்தட்டு வாங்க மாணவரால் முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முடியாதுதான். அதனாலேயே அது துறையின் பொறுப்பாகிறது. கருத்தரங்கப் பதாகைக்கும் பொன்னாடைக்கும் நினைவுக் கேடயத்துக்கும் பணம் காணும் துறைகள், துறைக்கென நான்கு வன்தட்டுகள் வாங்கப் பணமில்லை என்று சொன்னால் யார் நம்புவது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆய்வு ஆலோசனைக் குழு, மேற்கோள் குறியின் இடம் வரை திருத்துகிறது. தரவின் இரண்டாவது படி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் எழுதட்டும்.