10 வள்ளத்தைப் பார்த்து 100 வள்ளத்து மீனைச் சொல்ல முடியுமா? குளச்சல் கடற்கரையும் ‘ஸ்டாட்டிஸ்டிகல் கம்ப்யூட்டிங்’ பாடமும் | விளக்கம்

2024-ல் இந்தியாவில் கடலில் பிடிபட்டு கரைக்கு வந்த மீன் 34.7 லட்சம் டன். குஜராத் 7.54 லட்சம் டன்னோடு முதலிடம். தமிழ்நாடு 6.79 லட்சம் டன்னோடு இரண்டாமிடம். கேரளா 6.10 லட்சம் டன்னோடு மூன்றாமிடம்.

கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் (சி.எம்.எப்.ஆர்.ஐ) வெளியிட்ட கணக்கு இது. ஒவ்வொரு வருஷமும் இப்படி ஒரு அறிக்கை வரும், செய்தி நிறுவனங்கள் தலைப்பு வைத்துப் போடும். யார் முதலிடம், யார் கீழே போனார்கள் என்பதோடு முடிந்துவிடும். இத்தனை லட்சம் டன்னையும் எடை போட்டது யார் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வராது.

பதில்: யாரும் இல்லை.

அப்போ கணக்கு எப்படி வருது?

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம்... கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன் இறங்கும் இடங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். விசைப்படகு வரும், ஃபைபர் வள்ளம் வரும், கட்டுமரமும் வரும். ஏலம் முடிந்த கையோடு மீன் ஐஸ் பெட்டிக்குப் போய்விடும், சில்லறை விற்கிற பெண்களின் கூடைக்கும் போய்விடும். அத்தனை கூடையையும் நிறுத்தி எடை போட முடியாது.

அதனால் சி.எம்.எப்.ஆர்.ஐ மாதிரி எடுக்கிறது. கடற்கரையை மண்டலங்களாகப் பிரித்து, மாதத்தில் சில நாட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள். கணக்கெடுப்பவர் முதல் நாள் பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரை கரையில் நிற்பார். மறுநாள் காலை 6 முதல் 12 வரை மறுபடியும் நிற்பார். நடுவில் ராத்திரி இறங்கிய மீனை விசாரித்துக் குறித்துக்கொள்வார். படகுகள் 15-க்குள் இருந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார். அதற்கு மேல் போனால் இத்தனைக்கு ஒன்று என்று ஒரு விகிதத்தில் பார்ப்பார்.

பார்த்த படகுகளின் மீனை வைத்துப் பார்க்காத படகுகளுக்கும், பார்த்த நாட்களை வைத்துப் பார்க்காத நாட்களுக்கும் பெருக்கிச் சொல்வதுதான் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டில் எவ்வளவு பிழை இருக்கும் என்று கேட்கும்போதுதான் ‘ஸ்டாட்டிஸ்டிகல் கம்ப்யூட்டிங்’ உள்ளே வருகிறது. பல பல்கலைக்கழகங்களில் புள்ளியியல், டேட்டா சயின்ஸ் மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் பாடமாக இருக்கிறது. கையில் இருக்கிற கொஞ்சம் தகவலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத முழுமையைப் பற்றி என்ன சொல்லலாம், எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதைச் சூத்திரத்தை மட்டும் நம்பாமல் கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் பாடம்.

ஒரு பானை, பத்துச் சீட்டு

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு காலையில் 100 வள்ளங்கள் வந்தன. நீங்கள் 10-ஐ மட்டும் பார்த்தீர்கள். கிலோ கணக்கில் மீன்: 40, 55, 60, 35, 220, 50, 45, 70, 30, 65.

மொத்தம் 670 கிலோ, சராசரி 67. நூறால் பெருக்கினால் 6,700 கிலோ. செய்தி ரெடி.

ஆனால் அந்த 220-ஐப் பாருங்கள். ஒரு வள்ளத்துக்கு மட்டும் சாளைக் கூட்டம் மாட்டியிருக்கிறது. தற்செயலாக அந்த வள்ளத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்திருந்தால்? மீதி ஒன்பதின் சராசரி 50 கிலோதான். 6,700 ஒரே நொடியில் 5,000 ஆகிவிடும்.

இந்த ஆட்டத்தை அளக்க ‘பூட்ஸ்ட்ராப்’ என்று ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கப் புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான் 1979-ல் சொன்னது. பத்து எண்ணையும் பத்துச் சீட்டில் எழுதி ஒரு பானையில் போடுங்கள். ஒரு சீட்டை எடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சீட்டைத் திரும்பப் பானையிலேயே போட்டுவிடுங்கள். இப்படிப் பத்து முறை. ஒரு புது ‘மாதிரி’ கிடைக்கும், அதன் சராசரியைக் குறியுங்கள். பிறகு முழுவதையும் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பத்தாயிரம் தடவை.

(தமிழ் இலக்கியம் படித்த எனக்கு உடனே உத்திரமேரூர் குடவோலைதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் பானை, அங்கேயும் ஓலை. அங்கே எடுத்த ஓலையைத் திரும்பப் போட மாட்டார்கள், இங்கே போடணும். மொத்த வித்தையும் அதில்தான் இருக்கு.)

திரும்பப் போடுவதால் 220 சீட்டு சில தடவை வரவே வராது. 100-க்கு சுமார் 35 தடவை அப்படித்தான். அப்போது மதிப்பீடு 5,000 கிலோ பக்கம் நிற்கும். ஒரு தடவை வந்தால் 6,700 பக்கம், இரண்டு தடவை வந்தால் 8,400 பக்கம். பத்தாயிரம் விடையையும் வரிசையாக அடுக்கி, இரு ஓரத்திலும் இரண்டரை சதவீதத்தை வெட்டினால் மிஞ்சுவது ஏறத்தாழ 4.4 டன்னிலிருந்து 10.4 டன் வரை.

அதாவது “6.7 டன்” என்று சொன்ன அதே பத்து வள்ளம்தான், “நாலரையாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம்” என்றும் சொல்கிறது. நாம் பாதியை மட்டும் கேட்டோம்.

லேப்டாப்புக்கு இது சில நொடி வேலை. கையால் செய்தால் ஒரு லட்சம் தடவை பானைக்குள் கை விடணும். 1979 வரை இந்த யோசனை காத்திருந்ததற்குக் கம்ப்யூட்டர் ஒரு முக்கியக் காரணம்.

இதில் இந்தியாவின் பங்கு என்ன?

நிறையவே இருக்கு. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-ல் தொடங்கிய பி.சி.மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் பயிரை மதிப்பிடும்போது இதே தலைவலியைச் சந்தித்தார். அவர் செய்த தந்திரம் எளிமையானது. ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி, தனித்தனியாக மாதிரி எடுக்கச் சொன்னார். இரண்டு விடைக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதிலிருந்து பிழையின் அளவு தெரிந்துவிடும். பூட்ஸ்ட்ராப்பின் முன்கதையை எழுதுகிறவர்கள் மகலனோபிஸிடம் போய் நிற்பது இதனால்தான். எஃப்ரான் கம்ப்யூட்டருக்குள் பத்தாயிரம் கற்பனைக் குழுக்களை அனுப்பினார். மகலனோபிஸ் நிஜ மனிதர்களை வயலுக்கு அனுப்பினார்.

கண்ணுக்குத் தெரியாத வயசு

பாடத்தின் இன்னொரு பகுதி ‘ஈ.எம்’ வழிமுறை. டெம்ப்ஸ்டர், லெயர்டு, ரூபின் மூவரும் 1977-ல் பொதுவடிவம் கொடுத்தது. கரைக்கு வந்த ஒரு குவியல் சாளையின் நீளத்தை அளந்தால் இரண்டு மேடு தெரியலாம்: சின்னதாக ஒரு கூட்டம், பெரிதாக ஒரு கூட்டம். எந்த மீன் எந்தப் பருவத்தில் பிறந்தது என்று அதன் மேல் எழுதியிருக்காது. முதலில் தோராயமாகப் பிரிக்க வேண்டும். அந்தப் பிரிவை வைத்துச் சராசரியைத் திருத்த வேண்டும். திருத்திய சராசரியை வைத்து மறுபடி பிரிக்க வேண்டும். விடை நகராமல் நிற்கும் வரை இதே வேலை. குஞ்சு மீன் அதிகமாகப் பிடிபடுகிறதா என்று அறிய இந்த மாதிரிக் கணக்கு உதவும்.

கடலுக்குள் மிச்சம் எவ்வளவு மீன் இருக்கிறது என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வி. அதற்கு ‘எம்.சி.எம்.சி’. மூடுபனியில் வேளிமலை மேல் ஒருவரை விட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அடி மேட்டுக்குப் போனால் தாராளமாகப் போகலாம். பள்ளத்துக்குப் போவதானால் ஒரு குலுக்கல் போட்டு, சில நேரம் மட்டும் போகணும். வெகுநேரம் நடந்தபின் அவர் கால்தடம் உயரமான இடங்களில் அதிகமாகவும் தாழ்ந்த இடங்களில் குறைவாகவும் இருக்கும். அந்தத் தடம்தான் விடை. இங்கே உயரம் என்பது ‘எந்தப் பதில் எவ்வளவு சாத்தியம்’ என்பது. 1953-ல் லாஸ் ஆலமோஸில் இயற்பியலுக்காக உருவான வழி இது. புள்ளியியல்காரர்கள் பரவலாகக் கையில் எடுக்க 1990 ஆகிவிட்டது.

குமரி மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம்?

இங்கே ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31. மாவட்டத்தை ஒரே மூட்டையாகக் கட்டி மே மாதத்தையும் ஜூலை மாதத்தையும் ஒப்பிட்டால் வருவது மீனின் கதை இல்லை, காலண்டரின் கதை. இரண்டு கரையையும் தனித்தனி அடுக்காகப் பிரித்துத்தான் மதிப்பிட வேண்டும்.

அடுத்தது தூத்தூர் பகுதி. ஆழ்கடலுக்குப் பேர்போன மீனவர்கள். இவர்களில் ஏராளமானோர் கொச்சியில் படகு கட்டி, அரபிக்கடலில் வெகுதூரம் போய், மீனைக் கொச்சியிலோ வேறு மாநிலத் துறைமுகங்களிலோ இறக்குகிறார்கள். மீன் எங்கே இறங்குகிறதோ அந்த மாநிலத்துக் கணக்கில்தான் சேரும். குமரிக்காரர் உழைப்பு கேரளக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதை எந்த பூட்ஸ்ட்ராப்பும் சரிசெய்யாது. பானையில் போடாத சீட்டு எத்தனை லட்சம் தடவை குலுக்கினாலும் வெளியே வராது. பாடத்தில் மாணவர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிற விஷயம் இதுதான் என்று தோன்றுகிறது.

நஷ்டஈடு என்று வரும்போது பிரச்சனை கூர்மையாகும். 2025 மே 25-ம் தேதி கொச்சி அருகே எம்.எஸ்.சி எல்சா 3 கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் குமரி மாவட்டக் கடற்கரை வரை ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மீனவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கிட, கப்பல் மூழ்காமல் இருந்திருந்தால் எவ்வளவு மீன் வந்திருக்கும் என்று சொல்லியாக வேண்டும். அது நடக்காத ஒன்று, எடை போட முடியாது. போதாக்குறைக்கு, கப்பல் மூழ்கி ஒரே வாரத்தில் மேற்குக் கரையில் தடைக்காலமும் ஆரம்பம். கப்பலால் குறைந்தது எவ்வளவு, தடையால் குறைந்தது எவ்வளவு என்று பிரிப்பது அசல் புள்ளியியல் வேலை.

கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் ‘வெட்ஜ் பேங்க்’ மீன்வளப் பகுதியில் எண்ணெய், எரிவாயு ஆய்வு வேண்டாம் என்று மாவட்ட மீனவர்கள் எதிர்க்கிறார்கள். நாளைக்கு அங்கே ஏதாவது வேலை தொடங்கி, “மீன் குறைஞ்சிடுச்சு” என்று மீனவர் சொல்ல, “இது வழக்கமான ஏற்ற இறக்கம்தான்” என்று எதிர்த்தரப்பு சொன்னால், வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அகலம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த அகலம் ஒற்றை எண்ணில் இருக்காது.

அதற்காக 34.7 லட்சம் டன் என்பதே சந்தேகம் என்று அர்த்தமில்லை. ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சேர்க்கும் தேசியக் கணக்கில் ஏறு பிழையும் இறங்கு பிழையும் பெருமளவு அடிபட்டுப் போகும். பிழை பெரிதாகத் தெரிவது சின்ன வட்டத்தில்: ஒரு துறைமுகம், ஒரு மீன், ஒரு மாதம். அங்கே பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும், கரையில் நிற்க ஆளும் அதே மாதிரி வேண்டும். மீனவருடைய கேள்விகளோ பெரும்பாலும் அந்தச் சின்ன வட்டத்திலிருந்துதான் வருகின்றன.

படிக்கணும்னா?

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சென்னை தரமணியில் மையம் இருக்கிறது. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் டேட்டா சயின்ஸில் எம்.எஸ்சி நடத்துகிறது. சென்னை ஐ.ஐ.டி 2020-ல் அறிவித்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ தேவையில்லை. நாகர்கோவிலில் இருந்தபடியே வகுப்பைப் பார்க்கலாம், தேர்வுக்கு மட்டும் மையத்துக்குப் போகணும். வகுப்பில் பெரும்பாலும் பயன்படுவது ‘ஆர்’ அல்லது பைத்தான். இரண்டுமே இலவசம். மேலே சொன்ன பத்துச் சீட்டு விளையாட்டை ‘ஆர்’-ல் இரண்டு மூன்று வரியில் எழுதிவிடலாம். பத்து எண்ணும் மேலேயே இருக்கு. 220-ஐ எடுத்துவிட்டு ஒரு தடவை, வைத்துக்கொண்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.