முடிவு பிடிபடாத கதைகளை அனுப்புங்கள்

புனேயின் கட்கியில் தமிழில் எழுதுகிறவர்களில் பலர் ஷிப்ட் முடிந்த பிறகே எழுத உட்காருகிறார்கள். 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் ஊர் இது. அங்கே அளவு மயிரிழை பிசகினாலும் பொருளைக் கழித்துவிடுவார்கள். கதையையும் அந்தக் கண்டிப்போடு பார்க்கிற நண்பர்கள், “பாதி எழுதியாயிற்று, முடிவு பிடிபடவில்லை, பிடிபட்டதும் அனுப்புகிறேன்” என்கிறார்கள். அதன்பின் அந்தக் கதை வருவதே இல்லை. இந்தத் தலையங்கம் அவர்களுக்கு.

இப்படித் தயங்காமல் எழுதிய புதுமைப்பித்தன் கடைசியாக உழைத்த ஊர் புனே. சிறையிலிருந்து மீண்ட தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுத இங்கே வந்தார். படம் எடுக்கப்பட்ட பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில்தான் இன்று திரைப்படக் கல்லூரி இருக்கிறது. கட்கியிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். காசநோய் முற்றிய உடம்போடு இங்கிருந்து திரும்பியவர், 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42.

கதைக்காக நிஷ்டையில் உட்கார்ந்து யோசிக்கும் வழக்கம் தமக்கில்லை என்று ‘என் கதைகளும் நானும்’ கட்டுரையில் அவர் சொல்லியிருக்கிறார். அவர் கதைகளைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ‘கபாடபுரம்’, ‘சாபவிமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ மூன்றையும் பெயர் மறைத்துக் கொடுத்தால் மூன்று பேர் எழுதியவை என்றே நினைப்போம். திட்டம் போட்டு உழைக்கிற கைக்கு இத்தனை முகம் வாய்க்காது. அவசரத்தில் எழுதிச் சோடை போனவையும் அவரிடம் உண்டு. அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் நல்லவையும் கிடைத்திருக்காது என்றே நம்புகிறேன்.

‘செல்லம்மாள்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே செல்லம்மாள் இறந்துவிடுகிறாள். நம் நண்பர்கள் தேடித் தவிக்கும் முடிவை அவர் வாசலிலேயே வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் கதை நடக்கிறது: ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்குச் சமைத்துப்போடுவது, அவளுடைய ஊர் ஏக்கம், அவள் பார்க்க வீட்டுக்கு வரும் சேலைகள், நினைவு தப்பிய பேச்சு. முடிவு தெரிந்த பிறகும் எழுதித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டின் புழுக்கத்தை எந்தக் குறிப்பேட்டிலும் முன்னதாகப் போட்டுவைக்க முடியாது.

அவர் முடிக்காமல் விட்டதும் வீணாகவில்லை. ‘அன்னை இட்ட தீ’ முற்றுப்பெறாத நாவல். நூலில் சேராமல் கிடந்த அவருடைய எழுத்துகளை 1998இல் ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்தபோது, அந்தத் தொகுப்புக்கே அதன் பெயர்தான் அமைந்தது. அரைகுறை என்று யாரும் அதை ஒதுக்கவில்லை.

நம் அண்டை மொழியிலும் பார்க்கலாம். புனேயில் படித்த பாலச்சந்திர நேமாடே, ‘கோசலா’ நாவலைச் சில வாரங்களுக்குள் எழுதி 1963இல் வெளியிட்டார். அவருடைய ‘ஹிந்து’ நாவலுக்கு மராத்தி வாசகர்கள் 2010 வரை காத்திருந்தார்கள். எழுதியது ஒரே ஆள்தான். எந்த நாவல் எத்தனை நாள் கேட்கும் என்று அவராலேயே முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த இதழிலிருந்து, முற்றுப்பெறாத ஆக்கங்களுக்கெனச் சில பக்கங்களை ஒதுக்குகிறோம். அடித்தல் திருத்தல் இருக்கலாம். பாதியில் கதை திசைமாறிப் போயிருந்தால், போன இடம் வரைக்கும் அனுப்புங்கள். கையெழுத்துப் பிரதியே போதும். தட்டச்சு செய்துகொள்வது எங்கள் வேலை. விட்ட இடத்திலிருந்து ஆறு மாதம் கழித்துத் தொடர்ந்து எழுதினால் அதையும் வெளியிடுவோம்.