பாலத்துக்கு இரு கரை
‘ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்குப் பிறர் மனம் புரியாது, அவர்கள்தான் பேசிப் பழக வேண்டும்’ என்கிறார்கள். இதை ஏற்க முடியாது.

மதுரையில் கிளம்பும்போது ‘வர்றேன்’ என்கிறோம். பந்தியில் பசி அடங்காமலே ‘போதும்’ என்கிறோம். சொன்னதையே பொருளாகக் கொள்பவர் இங்கே தடுமாறினால், குறை அவருடையது மட்டுமா?

ஆட்டிசம் உள்ள பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்ட்டன் 2012இல் சொன்னது இதுதான்: புரியாமை இரு பக்கமும் உண்டு. 2017இல் நோவா சாசன் குழுவின் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களைக் காணொளியில் பார்த்த மற்றவர்கள் சில நொடிகளிலேயே அவர்களோடு பழகத் தயங்கினார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தபோது அந்தத் தயக்கம் மறைந்தது. குறை பேச்சில் இல்லை, பார்வையில் இருந்தது.

நினைப்பதை நேராகச் சொல்வோம், பதிலுக்குக் காத்திருப்போம். வைகைப் பாலம் ஒரு கரையில் மட்டும் நிற்காது.