வெள்ளை மெருகுக்கு ஏற்ற மண் எது?

கோவை வட்டாரத்தில் மண்பாண்டத்துக்கு வெள்ளை மெருகு ஏற்ற விரும்புவோர், முதலில் வெள்ளைக் களிமண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. வெள்ளீயம் கலந்த மெருகின் சிறப்பே, அடியிலுள்ள மண்ணின் நிறத்தை மறைத்துவிடுவதுதான். சீனத்துப் பீங்கானைக் கண்டு ஆசைப்பட்ட பாஸ்ரா நகரக் குயவர்கள், 9ஆம் நூற்றாண்டில் சாதாரணக் களிமண்ணிலேயே அந்த வெண்மையை வருவித்தார்கள்.

அப்படியானால் பார்க்க வேண்டியது என்ன? சுண்ணாம்புச் சத்து! அது குறைந்த மண்ணில், சூட்டுக்குப் பின் ஆறும்போது மெருகு மண்ணைவிட அதிகம் சுருங்கும். மயிரிழை போல் வெடிப்பு விழும். வெடிப்பில் நீர் இறங்கும். வாங்கியவர் மறுமுறை வருவாரா? டெல்ஃப்ட் நகரத்தார் 17ஆம் நூற்றாண்டில் டூர்னேயிலிருந்து சுண்ணாம்பு மண்ணைத் தருவித்துத் தங்கள் மண்ணோடு கலந்தனர்.

கொங்கு நாட்டுக்கு அந்தக் கவலை ஏது? மதுக்கரையில் 1934இல் சிமெண்டு ஆலை எழுந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். காட்டை உழுதால் பல இடங்களில் சுக்கான் கல் தட்டுப்படும். ஆனால், அது கல்லாகவே மண்ணில் கிடந்தால் ஆபத்து. வெந்த கல் ஈரம் குடித்துப் பொருமி, பாண்டத்தைப் பெயர்த்துவிடும். ஆகவே மாவாக அரைத்து, சலித்து, குளத்துக் களிமண்ணோடு கலக்க வேண்டும். நூற்றுக்கு 10, 15, 20 என்று கலந்து வில்லை தட்டி, மெருகிட்டுச் சுட்டால், பொருந்துவது எது என்று சூளையே சொல்லிவிடும்.

ஒன்று மட்டும் மறக்கலாகாது. பழைய முறையில் மெருகுக்குச் சேர்த்த காரீயம் நஞ்சு. உண்கலத்துக்கு அது அறவே கூடாது.

வெளியூர் மண்ணுக்கு லாரி வாடகை கொடுக்குமுன், காலடி மண்ணைச் சோதிப்பதே தொழிலுக்கு அழகு!