லொறி வரிசையும் எங்கள் வாசலும்



லொறி வரிசை என்று சொன்னால் எங்களில் பலருக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது ஓமந்தையும் முகமாலையும்தான். 2002 ஆம் ஆண்டு ஏ-9 பாதை திறந்தபோது சாமான் ஏற்றிய லொறிகள் அங்கே காத்துக் கிடந்ததைப் பார்த்தோம். 2006 ஓகஸ்டில் அதே பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் அரிசிக்கும் மாவுக்கும் சனம் பட்ட பாட்டையும் அறிவோம். லொறி நின்றால் அடுப்பும் நிற்கும் என்பதை எங்களுக்கு யாரும் புத்தகத்தில் படிப்பிக்கவில்லை. ஆனால் அந்த வரிசை ஏன் நிற்கிறது, எப்போது நகரும் என்று கேட்க எங்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

சுவிசிலும் லொறிகள் வரிசையில் நிற்கின்றன. வரிசையால் ஊர்ச்சனம் படும் துன்பமும் இருக்கிறது. ஆனால் இங்கே கேட்க இடம் உண்டு. அந்த இடம் எது, எங்களைப் போன்றவர்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதைத்தான் இம்முறை எழுத நினைத்தோம். புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

முதலில் எங்கள் நொஷாட்டல் மாநிலத்தின் நிலையைப் பார்ப்போம். ஏரிக்கரை ஓரமாக ஏ-5 அதிவேகப் பாதை போகிறது. 1993 இல் நகருக்கு அடியால் சுரங்கங்கள் திறக்கப்பட்ட பிறகுதான் வாகனங்கள் நிலத்துக்குக் கீழே போயின. இன்றைக்கும் திருத்த வேலைக்காகச் சுரங்கத்தை இரவில் மூடினால், வாகனங்கள் மறுபடி நகருக்குள் வந்துவிடும். மேலே லா ஷோ-டு-ஃபோனுக்குப் போகிற பாதையில் வியு-டே-சால்ப் சுரங்கம் 1994 இல் திறக்கப்பட்டது. அது அடைபட்டால் 1283 மீற்றர் உயரக் கணவாயால்தான் ஏறி இறங்க வேண்டும். பனிக்காலத்தில் அந்த ஏற்றத்தில் ஒரு லொறி வழுக்கி நின்றாலே போதும், பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான்.

இன்னும் மேலே லு லொக்ல் நகரம். பிரான்ஸ் எல்லையில் உள்ள கொல்-டே-ரொஷ் வழியாக மணிக்கூட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்களின் கார்கள் காலையும் மாலையும் அந்தச் சிறிய நகரத்தின் நடுவால்தான் ஊர்கின்றன. எல்லை தாண்டி இந்த மாநிலத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அவர்களும் எங்களைப் போலத் தொழிலாளிகள்தான். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாதை ஒன்றுதான், அதில் போக வேண்டியவர்கள் பலர். இதுதான் பிரச்சினை.

இதனால் எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். காலை ஐந்து, ஆறு மணிக்குச் சிப்ட் தொடங்குகிற தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பஸ் வரிசையில் மாட்டினால் அட்டை அடிக்கிற இயந்திரத்துக்குக் காரணம் தெரியாது. கால் மணி பிந்தினால் கால் மணிச் சம்பளம் போகும். பரீட்சார்த்த காலத்தில் இருக்கிறவருக்கு மூன்று முறை பிந்தினால் வேலையே போகலாம். வேலை போனால் வதிவிட அனுமதி புதுப்பிக்கிற நேரத்தில் என்ன பதில் சொல்வது என்ற பயம் வரும். ஒரு சுரங்கம் மூடினால் எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் அது வருகிறது பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. வாடகை குறைந்த வீடு பெரும்பாலும் பெருந்தெரு ஓரத்தில்தான் கிடைக்கும். ஆகவே புதிதாக வந்த குடும்பங்கள்தான் சத்தத்துக்கும் புகைக்கும் பக்கத்தில் படுக்கின்றன. இரவுச் சிப்ட் முடித்து வந்து பகலில் படுக்கிறவர் யன்னலைத் திறக்க முடியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நிற்கிற வாகனங்களுக்கு இடையால் தெருவைக் கடக்கிறார்கள். நிற்கிற லொறிக்கு முன்னால் குறுக்கே போகிற சிறு பிள்ளையைச் சாரதி தன் உயர்ந்த இருக்கையில் இருந்து காணமாட்டார். இதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

லொறிகள் ஏன் வரிசையில் நிற்கின்றன? சுவிசில் பாரமான லொறிகள் இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை ஓடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் ஓடக் கூடாது. நாங்கள் இரவில் ஓரளவு நிம்மதியாகப் படுப்பது இந்தச் சட்டத்தால்தான். ஆனால் தடை முடிகிற நேரத்தில் காத்திருந்த எல்லா லொறிகளும் ஒன்றாகக் கிளம்புகின்றன. பாசல், கியாசோ எல்லைகளில் சுங்கப் பத்திரம் பார்க்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். அதனால் அங்கே நீண்ட வரிசை உண்டாகிறது.

எல்லாவற்றிலும் பெரிய வரிசை கொத்தார்ட்டில். 1980 இல் திறந்த அந்தத் தெருச் சுரங்கம் கிட்டத்தட்ட 17 கிலோமீற்றர் நீளம். போகவும் வரவும் ஒரே குழாய்தான். 2001 ஒக்டோபர் 24 அன்று உள்ளே இரண்டு லொறிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம் சுரங்கம் மூடிக் கிடந்தது. பிறகு, லொறிகளைச் சொட்டுச் சொட்டாக, இடைவெளி விட்டு உள்ளே விடும் முறை வந்தது. சுரங்கத்துக்குள் பாதுகாப்புக் கூடியது. அதற்கு விலையாக வெளியே காத்திருக்கும் நேரமும் கூடியது. ஈஸ்டர் விடுமுறை நாட்களில் கார்களின் வரிசையே பத்துக் கிலோமீற்றருக்கு மேல் போவதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது அவசரக்காரர் அதிவேகப் பாதையை விட்டு இறங்கி, வாசன், கெஷெனன் போன்ற சிறிய கிராமங்களுக்குள் புகுந்துவிடுவார்கள். அந்த ஊர்க்காரர் கடைக்குப் போகவும் முடியாது, வைத்தியரிடம் போகவும் முடியாது.

அந்த மலைப் பள்ளத்தாக்குச் சனம் சும்மா இருக்கவில்லை என்பதுதான் நாங்கள் கவனிக்க வேண்டிய விசயம். ஊரி போன்ற மலை மாநிலங்களில் இருந்து கிளம்பிய கோரிக்கை 1994 பெப்ரவரி 20 அன்று நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு வந்தது. ஒரு எல்லையில் இருந்து மறு எல்லைக்குப் போகிற சரக்கு ரயிலில் போக வேண்டும், அல்ப்ஸ் மலையைக் கடக்கும் தெருக்களின் கொள்ளளவைக் கூட்டக் கூடாது என்பது கோரிக்கை. அரசாங்கம் வேண்டாம் என்றது. மக்கள் 51.9 வீதம் ஆம் என்றார்கள். அது அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. 1998 இல் இன்னொரு வாக்கெடுப்பில் லொறிகளுக்குத் தூரத்தையும் பாரத்தையும் கணக்கிட்டு வரி போட ஒப்புக்கொண்டார்கள். 2001 இல் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. 40 தொன் லொறி ஒன்று பாசலில் இருந்து கியாசோவரை போனால் ஏறக்குறைய 300 பிராங் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் பெரும் பகுதி ரயில் பாதை வேலைகளுக்குப் போகிறது. 2016 இல் திறந்த 57 கிலோமீற்றர் கொத்தார்ட் ரயில் சுரங்கத்துக்கும் அதிலிருந்து பணம் போனது.

பலன் கிடைத்ததா? 2000 ஆம் ஆண்டு அல்ப்ஸைக் கடந்த லொறிகள் 14 இலட்சம். அண்மைய ஆண்டுகளில் ஏறக்குறைய 9 இலட்சம். சட்டத்தில் எழுதிய இலக்கு ஆறரை இலட்சம். ஆகவே சொன்னது முழுவதும் நடக்கவில்லை. ஆனாலும் ஒரு சிறிய பள்ளத்தாக்கின் முறைப்பாடு ஐந்து இலட்சம் லொறிகளைக் குறைத்த கதையில் பெரிய பங்கு எடுத்தது என்பதை மறுக்க முடியாது.

“எங்களுக்கேன் தம்பி உந்த ஊர் ரோட்டு விசயம்? வந்தமா, வேலை செய்தமா எண்டு இருப்பம்” என்று எங்களோடு வேலை செய்கிற அண்ணை ஒருவர் சொல்லுவார். அவருக்கும் அவரைப்போல் நினைக்கிறவர்களுக்கும் ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2016 பெப்ரவரி 28. அன்று நாடு முழுவதும் கொத்தார்ட்டில் இரண்டாவது தெருச் சுரங்கம் தோண்டலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 57 வீதம் ஆம் என்றார்கள். சுவிஸ் பிரசை அல்லாதவருக்கு அதில் வாக்கு இல்லை. ஆனால் அதே நாளில் நொஷாட்டல் மாநிலம் தன்னுடைய போக்குவரத்துத் திட்டமொன்றையும் வாக்குக்கு விட்டது. நொஷாட்டலுக்கும் லா ஷோ-டு-ஃபோனுக்கும் இடையில் நேரடி ரயில், நகரங்களைச் சுற்றிப் போகிற தெருக்கள், சைக்கிள் பாதைகள் எல்லாம் சேர்ந்த திட்டம். 2012 இல் ரயில் திட்டமொன்று மயிரிழையில் தோற்றிருந்தது. இந்த முறை பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆம் என்றார்கள். இந்த வாக்கெடுப்பில் வெளிநாட்டவர்களும் வாக்களித்தார்கள். ஆம், எங்களைப் போன்றவர்கள்தான்.

நொஷாட்டலில் வெளிநாட்டவருக்கு உள்ளூராட்சி வாக்கு என்பது 1849 இல் தொடங்கிய கதை. 2000 ஆம் ஆண்டு மக்கள் ஏற்றுக்கொண்ட மாநில அரசியல் சட்டம், சி அனுமதியோடு ஐந்து ஆண்டுகள் இந்த மாநிலத்தில் வாழ்ந்தவருக்கு மாநில வாக்கையும் கொடுத்தது. வாக்குக் கடித உறை வீட்டுக்கே வரும். சிலர் அதை விளம்பரக் கடுதாசியோடு சேர்த்துக் குப்பைக்குள் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். நேரடி ரயிலுக்கு 2019 இல் நாட்டின் பாராளுமன்றமும் சம்மதித்துவிட்டது. லு லொக்லைச் சுற்றிப் போகும் பாதையும் வெறும் பேச்சோடு நின்றுவிடவில்லை.

சி அனுமதி இல்லாதவர்கள் மனம் சோர வேண்டியதில்லை. உங்களுக்கும் வழி உண்டு.

முதலாவது, மனுக் கொடுக்கும் உரிமை. சுவிஸ் அரசியல் சட்டத்தின் 33 ஆவது பிரிவின்படி யாரும் அதிகாரிகளுக்கு மனுக் கொடுக்கலாம். பிரசையாக இருக்கத் தேவையில்லை, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவரும் கையெழுத்து வைக்கலாம். அதற்காக உங்களுக்கு எந்தப் பாதகமும் வரக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கடவை வேண்டும் என்று ஒரு தெருவில் உள்ள சனமெல்லாம் சேர்ந்து எழுதினால் கொமூன் அதை வாங்கிப் பார்த்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, தெரு வேலைத் திட்டங்களைக் கொமூனில் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள். வாசலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாதிக்கப்படுகிற குடியிருப்பாளர் குறித்த தவணைக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

மூன்றாவது, சத்தம். தெருச் சத்தத்துக்கு இந்த நாட்டில் 1987 இல் இருந்து எல்லை வகுத்த சட்டம் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் குறைக்கும் பொறுப்பு தெருவுக்குச் சொந்தக்காரரான மாநிலத்துக்கோ கொமூனுக்கோ உரியது. லவுசான் நகரம் 2021 இல் இருந்து பெரும்பாலான தெருக்களில் இரவு வேகத்தை மணிக்கு 30 கிலோமீற்றர் ஆக்கியது இதற்காகத்தான். வீட்டுக்கு அருகே நீண்ட காலம் கட்டட வேலை நடந்தால் வாடகைக் குறைப்புக் கேட்கலாமா என்று அஸ்லொக்கா என்ற வாடகைக் குடியிருப்பாளர் சங்கத்தில் விசாரியுங்கள்.

நான்காவது, வேலை. ரயில் பிந்தினால் ரயில்வேயிடம் பிந்தியதற்கான அத்தாட்சி கேட்டு வாங்கலாம். வாங்கிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அது சம்பளத்தைத் திருப்பித் தருமோ இல்லையோ, உங்கள் நேர்மைக்குச் சாட்சியாக இருக்கும்.

கார் ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று. அதிவேகப் பாதையில் வரிசை உண்டானால் இடப்பக்கத்து வரிசை இடதுக்கும் மற்றவை வலதுக்கும் ஒதுங்கி, நடுவில் அம்புலன்சுக்கு வழி விட வேண்டும். 2021 ஜனவரி முதல் இது சட்டம். அந்த அம்புலன்சில் யாருடைய தாய் கிடக்கிறாரோ, யாருக்குத் தெரியும்.

கடைசியாக லொறிச் சாரதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வரிசையில் நிற்கிறவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்து, கிழமைக்கணக்கில் வீட்டைக் காணாதவர்கள். பெண்சாதி பிள்ளைகளோடு தொலைபேசியில் குடும்பம் நடத்துவது எப்படி என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2020 டிசம்பரில் பிரான்ஸ் எல்லையை மூடியபோது இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் ஆயிரக்கணக்கான லொறிகள் நத்தார் நேரத்தில் மாட்டிக்கொண்டன. தெருவெல்லாம் அடைபட்ட கோபம் ஊர்ச்சனத்துக்கு இருந்தது. ஆனாலும் அவர்கள் சாரதிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள். கிரேவ்சென்ட் சீக்கியக் கோயிலில் சமைத்த சோறும் கறியும் அந்த வரிசைக்குப் போனது. அவர்களும் எங்களைப்போல் வேறு மண்ணில் இருந்து வந்து குடியேறியவர்கள்தான். அது தங்கள் ஊர் என்று நினைத்ததால்தான் அடுப்பு மூட்டினார்கள்.

2024 நவம்பர் 24 இல் அதிவேகப் பாதைகளை அகலமாக்கும் திட்டத்தைச் சுவிஸ் மக்கள் 52.7 வீதத்தால் நிராகரித்தார்கள். சரியா பிழையா என்று இங்கே வாதாட வரவில்லை. தெருவை அகட்டவா, ரயிலைக் கூட்டவா என்ற கேள்வி இன்னும் பல முறை வரும். வருகிறபோது எங்கள் பிள்ளைகள் வாக்குச்சீட்டோடு நிற்பார்கள். அதற்கு முன்னால், இந்த மாதம் உங்கள் தெருவில் என்ன குறை என்று பக்கத்து வீட்டுக்காரரோடு ஒருதரம் பேசிப் பாருங்கள். பிரெஞ்சு தடக்கினாலும் பரவாயில்லை. யன்னலுக்கு வெளியே நிற்கிற லொறியைக் கையால் காட்டினாலே அவருக்கு விளங்கும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.