மற்ற மூவர் என்ன ஆனார்கள்?

"அப்புறம் அவள் என்ன ஆனாள் ஸார்?"

கதை எழுதுகிறவனிடம் வாசகர்கள் கேட்கும் கேள்விகளுள் விமரிசகர்களுக்கு அடியோடு பிடிக்காத கேள்வி இது. கதாநாயகியைப் பற்றிக் கேட்டாலாவது பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் கதவைத் திறந்துவிட்ட வேலைக்காரியைப் பற்றியோ, ஏழாம் அத்தியாயத்தில் கடிதம் கொண்டுவந்த பையனைப் பற்றியோ கேட்டுவிட்டால் போயிற்று. "நாவல் என்ன, க்ஷேமலாபக் கடிதமா? எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிக்க வேண்டுமா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். பாத்திரம் என்பது ஆசிரியன் கையில் ஒரு கருவி. வேலை முடிந்ததும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டியதுதான். அதற்கு மேல் கேட்கிறவன் கலை தெரியாத பாமரன் என்பது அவர்கள் சித்தாந்தம்.

நான் அந்தப் பாமரனின் கட்சி. கலை என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு வரும் இந்தச் சித்தாந்தத்துக்கு உள்ளே இருப்பது வெறும் அந்தஸ்துக் கணக்குதான் என்பது என் வாதம். சொல்லாமல் கொள்ளாமல் கதையிலிருந்து மறைந்துபோகிறவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். ஜமீன்தார் மறைவதில்லை. டாக்டர் மறைவதில்லை. வண்டிக்காரன் மறைகிறான், ஆயா மறைகிறாள், தெருப்பையன் மறைகிறான்.

உதாரணத்துக்கு, நம்மில் பலரும் பள்ளிக்கூட நாளிலேயே படித்து மயங்கிய ஷெர்லக் ஹோம்ஸ் வரிசையை எடுத்துக்கொள்கிறேன். நானும் மயங்கியவன்தான்; அந்த மயக்கம் இன்னும் முழுக்கத் தெளிந்தபாடில்லை. ஆர்தர் கோனன் டாயில் 1887 முதல் 1927 வரை, 40 ஆண்டுகளில், 4 நாவல்களும் 56 சிறுகதைகளுமாக எழுதித் தள்ளினார். இத்தனை பக்கங்களில் ஹோம்ஸைப் பற்றி நமக்குத் தெரியாத சேதி இல்லை. என்ன புகையிலை பிடித்தார், எதில் சேமித்து வைத்தார், முதுமையில் ஸஸ்ஸெக்ஸில் போய்த் தேனீ வளர்த்தார் என்பது வரை தெரியும். மற்றவர்கள் கதி?

முதலில் மேரி மார்ஸ்டனைப் பாருங்கள். 1890-இல் வெளிவந்த 'நால்வர் குறி' நாவலின் நாயகியே அவள்தான். தகப்பன் காணாமற் போனவன். வர வேண்டிய புதையலோ தேம்ஸ் நதியின் அடியில் போய்விட்டது. அவளை டாக்டர் வாட்ஸன் மணக்கிறார். சில கதைகளில் நல்ல மனைவியாக வந்து, கணவர் ஹோம்ஸுடன் போகும்போதெல்லாம் சிரித்த முகத்தோடு விடை கொடுக்கிறாள். ஒரு கதையில் ஆசிரியர் அசந்து மறந்து அவள் வாயால் கணவனை 'ஜேம்ஸ்' என்று கூப்பிட வைத்துவிட்டார். வாட்ஸனின் பெயரோ ஜான்!

இவள் எப்படி இறந்தாள்? 1893-இல் ஹோம்ஸைக் கொன்று போட்ட டாயில், வாசகர்கள் போட்ட கூச்சல் ஓயாததால், 1903-இல் 'காலி வீடு' என்னும் கதையில் அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். மலையருவியில் விழாமல் தப்பியது எப்படி, திபெத்துக்குப் போனது எப்படி, இடையில் என்ன செய்தார் என்றெல்லாம் ஹோம்ஸ் விஸ்தாரமாகச் சொல்கிறார். அதே கதையில், வாட்ஸனுக்கு நேர்ந்த துக்கத்தை ஹோம்ஸ் எப்படியோ அறிந்திருந்தார் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை வருகிறது. அந்தத் துக்கம்தான் மேரியின் மரணம் என்று நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். என்ன நோய், எந்த ஊர், எந்த மாதம் என்பது ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில் அவள் பெயர்கூடக் கிடையாது.

இடம் போதாமல் சுருக்கினார் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அடுத்த கதையிலேயே வாட்ஸன் தம் வைத்தியத் தொழிலை விற்றுவிட்டுப் பழைய அறைக்குக் குடிவருகிறார். தொழிலை வாங்கியவர் வெர்னர் என்ற இளம் டாக்டர். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். அவர் ஹோம்ஸுக்குத் தூரத்து உறவு. பணம் கொடுத்து உதவியவரே ஹோம்ஸ்தான். இத்தனை விவரமும் இருக்கிறது! டிஸ்பென்ஸரியை விற்ற கதைக்கு ஒரு பத்தி. பெண்டாட்டி செத்த கதைக்கு ஒரு வார்த்தை. இது கலைச் சிக்கனமா? எதை எண்ணத்தக்கது என்று ஆசிரியர் நினைத்தார் என்பதற்குச் சாட்சி அல்லவா இது?

அடுத்தவன் விக்கின்ஸ். லண்டன் தெருப்பையன்களின் தலைவன். போலீஸ்காரர்கள் மூக்கை நீட்ட முடியாத இடங்களிலெல்லாம் இந்தப் பையன்கள் புகுந்து புறப்படுவார்கள் என்று ஹோம்ஸே மெச்சுகிறார். கூலி நாளைக்கு ஒரு ஷில்லிங். முதல் இரண்டு நாவல்களில் வருகிறான், பிறகு காணோம். 1893-இல் வந்த ஒரு கதையில் அதே வேலைக்கு ஸிம்ஸன் என்று வேறொரு பையன் நிற்கிறான். முந்தையவன் எங்கே என்று ஹோம்ஸும் கேட்கவில்லை, வாட்ஸனும் கேட்கவில்லை. நான் மட்டும் சும்மா இருப்பேனா? அவன் நாளடைவில் ஒரு வாடகைக் குதிரை வண்டிக்காரனாகி, மழையில் பேக்கர் தெருவைக் கடக்கும்போதெல்லாம் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போயிருப்பான் என்று ஒரு நாள் நினைத்துக்கொள்வேன். இன்னொரு நாள், கற்ற வித்தையைத் தலைகீழாக்கிப் பிக்பாக்கெட்டாகிச் சிறைக்குப் போயிருப்பான் என்று தோன்றும். இரண்டுக்கும் பொறுப்பு ஷில்லிங் கொடுத்தவருக்கு உண்டு.

இவர்களையும் மன்னித்து விடலாம். எனக்கு ஆறாதது, அந்த 'நால்வர்' சமாசாரம்தான்.

புத்தகத்தின் பெயரே 'நால்வர் குறி' அல்லவா? அந்த நால்வரில் ஒருவன் ஆங்கிலேயன், ஜோனதன் ஸ்மால். மற்ற மூவர் நம் நாட்டவர்: முகம்மது சிங், அப்துல்லா கான், தோஸ்த் அக்பர். மூவரும் சீக்கியர் என்று வேறு சொல்கிறார் ஆசிரியர். பெயர்களைப் பார்த்தாலே அவர்களைப் பற்றி எவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டார் என்பது விளங்கும். 1857 கலகத்தின்போது ஆக்ரா கோட்டையில், புதையலுக்காக ஒரு வியாபாரியை இந்த நால்வரும் சேர்ந்து கொன்றுவிடுகிறார்கள். மூவருக்கும் ஆயுள் தண்டனை. ஸ்மாலுக்குத் தூக்கு; பின்னால் அதுவும் ஆயுள் தண்டனையாகிறது. ஆக்ராவிலிருந்து நம் சென்னைக்கு, சென்னையிலிருந்து அந்தமானுக்கு. அங்கிருந்து டோங்கா என்னும் தீவுவாசியின் படகில் ஸ்மால் ஒருவன் மட்டும் தப்புகிறான். லண்டனில் அகப்பட்டதும் தன் கதை முழுவதையும் ஹோம்ஸ், வாட்ஸன், போலீஸ் அதிகாரி ஆகிய மூவருக்கும் சொல்லித் தீர்க்கிறான். கடைசிவரை எதைச் செய்தாலும் நால்வர் பேரிலும்தான் செய்தேன் என்கிறான்.

கேட்டுக்கொண்டிருந்த மூவரில் ஒருவராவது, "அது சரி அப்பா, மற்ற மூவர் என்ன ஆனார்கள்?" என்று கேட்கவில்லை. துப்பறியும் சக்கரவர்த்தி, செருப்பில் ஒட்டிய மண்ணைக் கண்டு ஊரைச் சொல்பவர், கேட்கவில்லை. வாட்ஸன் தம் கலியாணச் செய்தியைச் சொல்கிறார், கதை முடிகிறது.

அவர்களில் ஒருவன் முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போயிருக்கலாம். அந்தமானில் ஒழுங்காக நடந்துகொண்ட கைதிகளுக்கு நிலமும் கொடுத்தார்கள், கலியாணமும் அனுமதித்தார்கள். அப்படிக் குடியமர்ந்தவர்களின் சந்ததியார் இன்றும் அந்தத் தீவுகளில் வாழ்கிறார்கள். அப்துல்லா கான் அங்கே ஒரு தென்னந்தோப்பும் நான்கு குழந்தைகளுமாக முதுமையடைந்து, தப்பிப்போன வெள்ளைக்காரச் சிநேகிதன் என்றைக்காவது தன் பங்கை அனுப்புவான் என்று கப்பல் வரும் நாளிலெல்லாம் துறைமுகத்துக்குப் போய் வந்திருக்கலாம். அந்தப் பங்குதான் தேம்ஸ் சேற்றில் கிடக்கிறதே!

"சொல்லாமல் விடுவதும் கலைதானே?" என்பார்கள். வாஸ்தவம். தெரிந்து விடுவதற்கும் நினைவே இல்லாமல் விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தெரிந்து விட்டவன், அந்த இடத்தில் ஒரு காலி நாற்காலியையாவது போட்டு வைப்பான். கதைக்குள் யாராவது ஒருவர் நினைத்துப் பெருமூச்சு விடுவார். ஒரு கடிதம் பதிலின்றிக் கிடக்கும். மறந்தவன் நாற்காலியையும் எடுத்துவிடுகிறான்.

"வாரா வாரம் எழுதுகிற தொடர்கதையில் இதற்கெல்லாம் ஏது இடம்?" என்பது இன்னொரு சமாதானம். நானும் வாரா வாரம் எழுதிப் பிழைக்கிறவன்தான். ஒரு வாக்கியத்துக்கு எப்போதும் இடம் உண்டு. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கேட்கிறேன்.

நம் இளங்கோவடிகளிடம் இந்தக் கணக்குச் சுத்தம். மதுரை எரிந்து, சேரன் வடக்கே போய்க் கங்கைக் கரையில் தங்கியிருக்கிறான். அங்கே மாடலன் என்னும் மறையோன் வந்து நிற்கிறான். அவன் வாயிலாக ஒவ்வொருவர் கதியும் நமக்குத் தெரிகிறது. கோவலனின் தந்தையும் கண்ணகியின் தந்தையும் துறவு பூண்டார்கள், தாய்மார் இருவரும் உயிர் நீத்தார்கள், மாதவி துறந்தாள், கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து மறைந்தார். இவர்களோடு, அடைக்கலம் கொடுத்த இடைச்சி மாதரி தீப்புகுந்தாள் என்பதும் வருகிறது. அவள் மகள் ஐயையையும் விட்டுவிடவில்லை. கண்ணகியின் செவிலியோடும் தோழியரோடும் அவளை வஞ்சிக்கே அழைத்துப் போய்விடுகிறார். அரசனுக்கு ஒரு கணக்கு, மோர் கடைகிறவளுக்கு ஒரு கணக்கு என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

நம் காலத்துக்கு நெருங்கியவர் கல்கி. 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' 1954-இல் முடிந்தபோது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். கல்கி சிரித்து ஒதுக்கவில்லை. முடிவுரையில் அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதிலும் சொன்னார். அதைச் சலுகை என்று நான் சொல்ல மாட்டேன், மரியாதை என்பேன். வாசகருக்குக் காட்டிய மரியாதை, தாம் படைத்தவர்களுக்கும் காட்டிய மரியாதை.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பாமரர்கள் என்றால், ரவீந்திரநாத தாகூரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். லக்ஷ்மணன் காட்டுக்குப் போனபின் ஊர்மிளை என்ன ஆனாள் என்பதைக் கவிகள் புறக்கணித்துவிட்டார்கள் என்று அவர் வருத்தப்பட்டுக் கட்டுரை எழுதினார். பின்னால் ஹிந்தியில் மைதிலி சரண் குப்தர் 'ஸாகேத்' காவியத்தில் ஊர்மிளையின் துயரத்துக்கு இடம் கொடுத்தார். பாமரக் கேள்வியிலிருந்து காவியம் பிறந்தது.

ஆகையால் வாசகர்களே, வெட்கப்படாமல் கேளுங்கள். தொடர்கதையின் கடைசி வாரத்தில் கலியாணச் சாப்பாட்டைக் காட்டி உங்களைக் கைகழுவி அனுப்பப் பார்ப்பார்கள். இலையிலிருந்து எழுந்திருக்காதீர்கள். சமையற்காரன் சாப்பிட்டானா, கடிதம் கொண்டுவந்த பையன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று கேட்டு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். எழுதியவர் பதில் சொல்லட்டும். சொல்லத் தெரியாவிட்டால், தெரியாது என்றாவது சொல்லட்டும். அவருடைய அடுத்த கதையில் வரும் வேலைக்காரிக்காவது அது உதவும்.